தோல்வியே காணாத காமா பயில்வான்



முகமது அலியும் மைக் டைசனும் ஒரே காலத்தில் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார்கள்? மதிய இடைவேளையில ஆரம்பிக்கிற இந்த விவாதம் சாயந்திரம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓயறதே இல்லைங்க!

அமெரிக்காவில் இந்த மாதிரி கேள்வியைக் கம்ப்யூட்டரிடமே கேட்டுப் பார்த்தார்கள். 49 போட்டியிலும் ஜெயித்து ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவையும் அலியையும் 1969-ல் மோதுவது போல நடிக்க வைத்து, பலவிதமான முடிவுகளைப் படம் பிடித்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் திரையிட்டபோது 13-வது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை. 1969 ஆகஸ்டிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். என்ன இருந்தாலும் அது படம்தானே? நிஜத்தில் என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்க, மல்யுத்த வீரர் காமாவின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ல் பிறந்தார். குடும்பமே பயில்வான் குடும்பம். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். தாய்வழி உறவினர்கள்தான் வளர்த்து, வித்தை கற்றுத் தந்தார்கள். பத்து வயசில் ஜோத்பூரில் நடந்த பஸ்கி எடுக்கும் போட்டியில் பெரிய பெரிய பயில்வான்களோடு கலந்துகொண்டார். கடைசி வரை தாக்குப்பிடித்த சிலரில் இந்தப் பொடியனும் ஒருவன்! மகாராஜாவே அசந்துபோய் அவரை வெற்றியாளராக அறிவித்தார்.

1910-ல் லண்டன் போனார். உயரம் சுமார் ஐந்தே முக்கால் அடிக்கும் குறைவு. குள்ளமாக இருக்கிறார் என்று போட்டியில் சேர்க்கவில்லை. காமா சும்மா திரும்பி வரவில்லை. யார் வேண்டுமானாலும் என்னோடு மோதலாம் என்று சவால் விட்டார். முதலில் வந்த அமெரிக்க வீரர் டாக்டர் ரோலரைத் தோற்கடித்தார். செப்டம்பர் 10-ல் போலந்து வீரர் ஜிபிஸ்கோவைச் சந்தித்தார். முதுகு தரையில் பட்டால் தோல்வி. அதனால் ஜிபிஸ்கோ விரிப்பிலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் போராடியும் காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. போட்டி டிரா! ஒரு வாரம் கழித்து நடக்க வேண்டிய மறு போட்டிக்கு ஜிபிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கே கிடைத்தது. ஆனால், அன்றைக்குப் பெரிய சாம்பியனாக இருந்த அமெரிக்காவின் பிராங்க் காட்ச் கடைசி வரை காமாவோடு மோதவே இல்லை.

பதினெட்டு வருஷம் ஓடியது. 1928-ல் பாட்டியாலாவில் காமாவும் ஜிபிஸ்கோவும் மறுபடி கோதாவில் இறங்கினார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டின வயசு. இந்த முறை ஒரே நிமிஷத்துக்குள்ள ஜிபிஸ்கோ மண்ணைக் கவ்வினார்!

இங்கேதான் நான் யோசித்தேன். அதே இரண்டு பேர்தான். ஆனால் லண்டனில் மெத்தை விரிப்பு, ஐரோப்பிய விதிமுறை. பாட்டியாலாவில் மண் கோதா, நம்ம ஊர் முறை. இடமும் காலமும் மாறியதும் முடிவும் மாறிவிட்டது. நிஜமாக மோதியவர்களுக்கே இப்படி என்றால், வேறு வேறு காலத்து வீரர்களில் யார் பெரியவர் என்று நாம் எப்படித் தீர்ப்பு சொல்வது? காமாவா, காட்ச்சா என்ற கேள்விக்கு இனி யாராலும் விடை சொல்ல முடியாது. அவர்கள் இருவரும் உயிரோடு இருந்தபோதே மோதியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் நிச்சயம். ஐம்பது வயசு நெருங்கியும் காமா உடம்பைக் கைவிடவில்லை. தண்டாலும் பஸ்கியும் அவருக்குத் தினசரி சாப்பாடு மாதிரி. அதனால்தான் பதினெட்டு வருஷம் கழித்து வந்த வாய்ப்பை ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ்ந்த அவர், 1960-ல் லாகூரில் காலமானார்.

நண்பர்களே! இல்லாத எதிரியை நினைத்து வாதாடுவது சுலபம். எதிரில் நிற்பவரைச் சந்திக்கத் தினமும் தயாராவதுதான் கஷ்டம். அது விளையாட்டுக்கு மட்டுமல்ல, நமது பரீட்சைக்கும் பொருந்தும்!



– பத்தாம் வகுப்பு மாணவன்