அரை லிட்டர் பால்

சிலி நாட்டு டாக்டர் சால்வடோர் அலெண்டேயை, குண்டுமழைக்கு நடுவே மாண்ட மாவீரராக நமது மேடைகள் அறியும். அவரது சாவைப் பேசுகிற அளவுக்கு, அவர் போட்ட செலவுக் கணக்கைப் பேசுகிறோமா? பேசத்தான் வேண்டும், தோழர்களே!

1908இலே, வசதியான குடும்பத்திலே பிறந்தவர். வைத்தியம் படித்தார். அரசியலுக்காகச் சிறை கண்ட வாலிபனுக்கு நல்ல உத்தியோகம் யார் தருவார்? வால்பரைசோ துறைமுக நகரிலே பிணம் அறுத்துச் சோதிக்கும் வேலைதான் கிடைத்தது. 1933இலே சோஷலிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரானார். 1939இலே சுகாதார மந்திரியானார். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 200க்கு மேல் ஓராண்டு நிறையுமுன் மடிந்த நாடு அது! நோயின் வேர் கூலியிலே இருக்கிறது, குடிசையிலே இருக்கிறது என்று அவ்வாண்டே நூல் எழுதினார். 1952இலே தேசிய சுகாதாரத் துறை உருவாக உழைத்தவர்களில் முன்னின்றார்.

மும்முறை ஜனாதிபதி தேர்தலிலே தோற்றார். நான்காம் முறை, 1970இலே, நூற்றுக்கு 36 சொச்சம் வாக்கோடு வென்றார். வந்ததும் செய்தது என்ன? 15 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால்! கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பால்! கூலியை உயர்த்தினார், வீடு கட்டும் வேலைகளைத் தொடங்கினார். சாந்தியாகோ நகரிலே நூற்றுக்கு 8 பேர் வேலையின்றி இருந்த நிலை, 1971 இறுதியிலே 4க்கும் கீழே இறங்கிற்று. பணம்? நாட்டின் ஏற்றுமதி வருவாயிலே பெரும்பங்கு தாமிரம். அந்தத் தாமிரமோ அமெரிக்கக் கம்பெனிகளின் கையிலே. 1971 ஜூலையிலே சுரங்கங்கள் தேசவுடைமையாயின. எதிர்க்கட்சியினரும் சேர்ந்து ஏகமனதாக வாக்களித்தனர்!

ஆனால் கணக்கு இடித்தது. தாமிர விலை சரிந்தது. அமெரிக்கா கடனை நிறுத்தியது. புதிய வரி போட எதிர்க்கட்சிப் பெரும்பான்மை கொண்ட காங்கிரஸ் இணங்கவில்லை. மிச்சத்துக்கு நோட்டு அச்சடித்தார்கள். கையிலே காசு, கடையிலே சரக்கில்லை, கள்ளச்சந்தை கொழுத்தது. 1972இலே விலைவாசி இரண்டரை மடங்காயிற்று. சதியை மட்டும் சொல்லி இதை மறைப்பது நேர்மையாகாது. கூலி ஏறிய வேகத்திலே உற்பத்தி ஏறவில்லை. இதையும் சொல்ல வேண்டும்: அக்டோபரிலே லாரி முதலாளிகள் நாட்டையே முடக்கிய பிறகும், 1973 மார்ச் தேர்தலிலே அவரது அணிக்கு நூற்றுக்கு 44 வாக்கு விழுந்தது. வரிசையிலே நின்று வாடிய ஏழைதான் போட்டான்!

1973 செப்டம்பர் 11. விமானப்படை லா மொனேடா மாளிகை மீது குண்டு வீசிற்று. சரணடைய மறுத்த அலெண்டே, அங்கேயே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். தளபதி பினோசேயின் ஆட்சி தொழிற்சங்கச் சம்மேளனத்தைத் தடை செய்தது, செலவை வெட்டியது. வேலையின்மை பெருகவே, 1975இலே அதே ஆட்சி அரசாங்கக் காசிலே அவசர வேலைத் திட்டம் ஒன்றைத் திறந்தது. தெரு கூட்டவும் பள்ளம் தோண்டவும் ஆள் எடுத்தது. கொடுத்த கூலி, சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே.