ஒரு பைசாவுக்குப் பத்திரிகை போட்ட வைத்தியர்



நம்ம மலரில் ஒரு பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அயோத்திதாசப் பண்டிதரை எடுத்துக்கிட்டேன். டேனரியில் வேலை பார்த்த எங்கப்பா, சுவரில் இருந்த புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து இவரைப் பற்றித்தான் சொல்லுவார்.

பண்டிதர் பிறந்தது 1845 மே 20. வீட்டில் வைத்த பேர் காத்தவராயன். தனக்குப் படிப்பு சொல்லித் தந்த ஆசிரியர் மேல் இருந்த மரியாதையில், அவர் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டார். நீலகிரியில் பல வருஷம் இருந்தார். சித்த வைத்தியம் அவர் தொழில்.

1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குப் போனார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு நாலாவது வரை இலவசப் படிப்பு வேணும், தரிசு நிலம் தரணும், கோயிலுக்குள் விடணும் என்று கேட்டார். கோயில் என்றதுமே சபையில் எதிர்ப்பு கிளம்பிவிட்டது. அத்தனை பேர் நடுவில் அவமானப்பட்டுத் திரும்பினாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. வேறு வழி தேடினார்.

1898-இல் கர்னல் ஆல்காட் உதவியோடு கொழும்புக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்று பௌத்தரானார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை அதற்குக் கிளைகள் வந்தன. நம்ம திருப்பத்தூரிலும் ஒரு கிளை இருந்தது.

வைத்தியம் பார்க்கிறவர் என்ன கேட்பார்? நோய் என்ன, எதனால வந்தது, தீருமா, மருந்து என்ன. புத்தர் துக்கத்தைப் பார்த்ததும் இதே நாலு படியில்தான். துக்கம் இருக்கு, அதுக்குக் காரணம் இருக்கு, அதைத் தீர்க்கலாம், தீர்க்க வழியும் இருக்கு. உயிரைக் கொல்லாமல், திருடாமல், பொய் சொல்லாமல், தவறான உறவில் போகாமல், குடிக்காமல் வாழ்வது அந்த வழியில் முதல் அடி. ஜனங்க தாழ்ந்து கிடப்பது போன ஜென்மத்துப் பாவம் என்பதைப் பண்டிதர் ஏற்கவில்லை. இவர்கள் ஆதியில் பௌத்தர்கள், சாதிதான் கீழே தள்ளியது என்று ஆயுசு முழுக்க எழுதினார்.

அதற்காகவே 1907 ஜூன் 19 அன்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். நாலு பக்கம், விலை ஒரு பைசா. பேரே 'ஒரு பைசாத் தமிழன்'தான். அடுத்த வருஷம் 'தமிழன்' ஆனது. 1914 மே 5-இல் அவர் காலமாகும் வரை நடத்தினார். பிறகு ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் இருந்து அதே பேரில் நடத்தினார். இன்று தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்குப் பண்டிதர் பேர்தான்.

இதை நான் எழுதக் காரணம் இருக்கு. ஷூ கம்பெனியில் எனக்கு வேலை போன வருஷம், வட்டிக்கு வாங்கி வட்டி கட்டினேன். எல்லாம் என் தலையெழுத்து என்று மூணு மாசம் குழுக் கூட்டத்துக்கே போகல. ஒரு நாள் குழுவில் இருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்தாங்க. ஆறுதல் சொன்னதோடு நிறுத்தாம, நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒவ்வொண்ணா எழுதினாங்க. எழுதி முடிச்சப்பதான் தெரிஞ்சது, மாசாமாசம் என்னை முழுங்கினது ஒரே ஒரு வாரவட்டிக் கடன். சங்கத்து உள்கடனில் அதை முதலில் அடைச்சோம். மீதிக் கடன் இன்னும் இருக்கு, கட்டிட்டுத்தான் வரேன். ஆனா ராத்திரி தூக்கம் வருது.

புத்தர், தம்மம், சங்கம் என்று மூணிடத்தில் அடைக்கலம் தேடச் சொல்வார்கள் பௌத்தத்தில். கஷ்டத்தைத் தனியாளாகச் சுமக்க வேண்டாம் என்றுதான் சங்கத்தையும் அதில் சேர்த்திருக்காங்கன்னு எனக்கு அன்னைக்குப் புரிஞ்சது. உங்க குழுவிலும் யாராவது ரெண்டு கூட்டம் தொடர்ந்து வரலைன்னா, அபராதம் போடுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.