இலங்கைக்கு மூன்று நாள் தூரத்தில் திரும்பியவர்: யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்த கதை

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது, டிவியில் அடிக்கடி கேட்ட பெயர் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் தலைநகரான காஞ்சிக்கு வந்த சீனத் துறவி. பள்ளிப் பாடத்தில் ஓரிரு வரியில் கடந்து போனவர்தான். ஆனால், அத்தனை தூரத்திலிருந்து எப்படி வழி கண்டுபிடித்து வந்தார்?

முதல் சிக்கல், அவருக்கு அனுமதியே இல்லை. டாங் பேரரசு புதிதாக எழுந்த நேரம். எல்லை தாண்டத் தடை. சீன மொழியில் இருந்த பௌத்த நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால், மூலத்தையே தேடிப் படிப்பது என்று முடிவெடுத்தவர், 629 வாக்கில் பகலில் ஒளிந்து, இரவில் நடந்து கிளம்பிவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

வழிகாட்ட வந்தவன் ஓர் இரவு கத்தியோடு நெருங்கினான். என்ன நினைத்தானோ, பின்வாங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஆளையும் காணோம். அப்புறம் கோபி பாலைவனத்தில் தனி ஆள். எலும்புகளும் குதிரைச் சாணமும்தான் பாதைக்கு அடையாளம். தண்ணீர்ப் பை வேறு கைதவறிக் கொட்டிவிட்டது. நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு சொட்டு இல்லை. காப்பாற்றியது ஒரு கிழட்டுக் குதிரை. அந்தப் பாதையில் 15 முறை போய்வந்தது என்று சொல்லி ஒரு முதியவர் மாற்றிக் கொடுத்தது அது. தானாகத் திரும்பி, புல்லும் குளமும் இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. தெரியாத ஊரில் நல்ல ஆட்டோக்காரர் கிடைத்த மாதிரி!

துர்பான் அரசருக்கு இவரை அனுப்பவே மனமில்லை. பட்டினி கிடந்துதான் விடுதலை வாங்கினார். திரும்பி வரும்போது மூன்று ஆண்டு தங்குவதாக வாக்கும் கொடுத்தார். அரசர் வழியில் உள்ள 24 நாடுகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்து விசா என்றே வைத்துக்கொள்ளலாம்.

காஷ்மீரில் இரண்டு ஆண்டு படிப்பு, பிறகு நாலந்தா. அங்கே குரு சீலபத்திரர். அவருடைய குரு தர்மபாலர் காஞ்சிக்காரர். அப்படிப் பார்த்தால், 640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது குருவின் குரு பிறந்த ஊருக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட விகாரங்கள், 10,000 துறவிகள், ஏறக்குறைய 80 கோயில்கள், நிறைய சமணர்கள் என்று கணக்கு வைத்தார். மக்கள் தைரியசாலிகள், படிப்பை மதிப்பவர்கள் என்றும் குறித்தார்.

அடுத்த இலக்கு இலங்கை. காஞ்சித் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் கடல் பயணம் என்பது அவர் தரும் தகவல். காஞ்சியில் கடல் ஏது? அந்தத் துறை மாமல்லபுரம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்போது ஆண்டவர் முதலாம் நரசிம்மவர்மன்; ஊர்ப் பெயரில் இருக்கும் ‘மாமல்லன்’ அவர் பட்டம்தான். இன்று நாம் செல்ஃபி எடுக்கும் கடற்கரைக் கோயில் அன்று கிடையாது.

காஞ்சியில் இலங்கைத் துறவிகள் சிலரைச் சந்தித்தார். அரசர் இறந்துவிட்டார், பஞ்சம், குழப்பம் என்று தப்பி வந்தவர்கள். அவர்களிடமே பாடம் கேட்டுப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை. கப்பல் ஏறவில்லை. இத்தனை தூரம் வந்தவருக்கு அது லேசான முடிவாக இருந்திருக்காது. ஆனால் வழி தெரிந்தவர் சொன்னால் கேட்பது அவர் வழக்கம். அதனால்தான் உயிரோடு இவ்வளவு தூரம் வந்தார்.

ஊர் திரும்ப, கடல்வழி போவதானால் ஏற்பாடு செய்வதாக ஹர்ஷர் சொல்லியும் மறுத்தார். துர்பான் அரசருக்குக் கொடுத்த வாக்கு! தரைவழியே திரும்பியபோது, அந்த அரசர் உயிரோடு இல்லை என்று தெரிந்தது.

645-இல் 657 நூல்களோடு தலைநகர் சாங்கான் சேர்ந்தார். சட்டத்தை மீறிப் போனவரைப் பேரரசர் மரியாதையோடு ஏற்றார். 664-இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்புதான் வேலை. 659-இல் அவர் தொகுத்த முக்கிய நூல் ஒன்று, பெரும்பாலும் காஞ்சி தர்மபாலரின் விளக்கத்தை ஒட்டியது. பின்னர் அது ஜப்பான்வரை போனது.