லாரன்ஸ் போடாத ஹெல்மெட்



செம் எக்ஸாம் முடிஞ்சதும் காரைக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கு பைக்கில் போறதுன்னு எங்க கேங்கில் முடிவாகியிருக்கு. தேவகோட்டை, தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன் வழியா ஒரு பக்கம் மட்டும் சுமார் 150 கிலோமீட்டர். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிஸ்ட் ஓடுது. போன் ஹோல்டர், பவர் பேங்க், பஞ்சர் கிட், ரெயின்கோட், கூலிங் கிளாஸ் எல்லாம் வந்தாச்சு. ஹெல்மெட் மட்டும் வரலை. ஐந்து பைக், பத்து பேர். எண்ணிப் பார்த்தா நாலே நாலு ஹெல்மெட்தான். அதில் ஒன்றுக்கு ஸ்ட்ராப் லாக்கே கிடையாது.

அந்த லிஸ்ட்டைப் பார்த்ததும் எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்தார். உங்களுக்கும் அவரைத் தெரிஞ்சிருக்கும். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று 1962-ல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய படத்தின் நிஜ நாயகன், டி. இ. லாரன்ஸ்.

1888-ல் வேல்ஸில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே தூரம் போறதில் ஒரு வெறி. காலேஜ் நாட்களில் சைக்கிளிலேயே பிரான்ஸைச் சுற்றினார். 1909-ல் பழைய கோட்டைகளை ஆராய்ச்சி பண்ணுவதற்காக சிரியாவில் ஆயிரம் மைலுக்கும் மேல் நடந்தார். முதல் உலகப் போரில் அரபுக்காரர்களோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்தார். ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்து 1917-ல் அகபா துறைமுகத்தைப் பிடித்த படையில் இருந்தார். போர் முடிஞ்சப்போ அவர் கர்னல். உலகம் முழுக்கப் பெயர்.

அதுக்கப்புறம் அவர் செய்ததுதான் ஆச்சரியம். அந்தப் புகழே வேண்டாம் என்று 1922-ல் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். 1927-ல் அப்போதைய இந்தியாவின் கராச்சிக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் ஆப்கான் எல்லையில் இருந்த மிரான்ஷா. அங்கே அவர் உளவு பார்க்கிறார் என்று வதந்தி கிளம்ப, 1929 ஜனவரியில் இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பட்டம், பதவி எல்லாவற்றையும் விட்டவர் ஒன்றை மட்டும் விடவில்லை. பைக். நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் ப்ரஃப் என்பவர் தயாரித்த ப்ரஃப் சுப்பீரியர் பைக்குகளை ஒன்று மாற்றி ஒன்றாக மொத்தம் ஏழு வைத்திருந்தார். எட்டாவதுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். அதில் எஸ்எஸ்100 மாடலுக்கு, மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் போகும் என்று கம்பெனியே கேரண்டி கொடுத்தது. இது 1920-களில்! 1922-லிருந்து 1926 வரைக்கும் அவர் ஓட்டிய தூரம் ஒரு லட்சம் மைல். கணக்குப் போட்டுப் பாருங்க, தினமும் சுமார் 110 கிலோமீட்டர் வருது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லாமல், நாலு வருஷம், தினம் காரைக்குடியிலிருந்து கிளம்பி திருச்சியையும் தாண்டிப் போற மாதிரி.

இவ்வளவு அனுபவம் உள்ள ரைடர் எங்கே விழுந்தார் தெரியுமா? பாலைவனத்தில் இல்லை, 100 மைல் வேகத்திலும் இல்லை. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று மூணு மாசம்கூட ஆகவில்லை. 1935 மே 13. வீட்டுக்குப் பக்கத்து ஊர் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் ஒரு தந்தி அடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். ரோட்டில் ஒரு பள்ளமான இடம். அதில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள் தூரத்திலிருந்து அவர் கண்ணில் படவில்லை. கடைசி நொடியில் ஒடித்தார். பையன்கள் பிழைத்தார்கள். தூக்கி எறியப்பட்ட லாரன்ஸ் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவே திரும்பாமல் மே 19-ல் இறந்தார். வயசு 46.

தலையில் ஹெல்மெட் இல்லை. அது அன்றைக்குத் தப்பாகவும் தெரியவில்லை. ஐல் ஆஃப் மேன் ரேஸில் 1914-லேயே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் அது ரேஸுக்கு, ரோட்டுக்கு எதுக்கு என்பதுதான் அப்போதைய நினைப்பு. டீக்கடைக்குப் போக எதுக்கு என்று நாம கேட்கிறோமே, அதேதான்.

கதை இதோடு முடியலை. லாரன்ஸைக் காப்பாற்றப் போராடிய டாக்டர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவை அவரால் மறக்க முடியவில்லை. பைக் ஓட்டுபவர்களின் தலைக்காயங்களை ஆராய ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் பைக் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமாக 2,279 பேர் ரோட்டில் இறந்ததை 1941-ல் எழுதினார். ஹெல்மெட் போட்டு விழுந்தவர்கள் என்று அவருக்குக் கிடைத்தது ஏழே பேர். ஏழு பேருமே பிழைத்திருந்தார்கள். ஏழு பேரை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாதுதான். ஆனாலும் அதே வருஷக் கடைசியில் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. கேர்ன்ஸ் 1952-ல் இறந்தார். பிரிட்டனில் பொதுமக்களுக்கான சட்டம் வந்தது 1973-ல்தான்.

நாம இன்ஜினியரிங் பசங்க. இம்பல்ஸ் ஃபர்ஸ்ட் இயரிலேயே படிச்சது. தலை நிற்கிற நேரம் கூடினால் அதன் மேல் விழும் விசை குறையும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் மாதிரியான நுரை நசுங்கி, அந்தச் சில மில்லி செகண்டை வாங்கித் தருது. ஒரு தடவை நசுங்கினால் அதோட வேலை முடிஞ்சுது, புதுசுதான் வாங்கணும். ஸ்ட்ராப் மாட்டலைன்னா விழுகிறப்போ ஹெல்மெட் தனியா, தலை தனியா போகும். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்க. பின்னால் உட்காருகிறவருக்கும் அதே தலைதான்.

நானும் யோக்கியன் இல்லை. மூணு வருஷமா ஹெல்மெட்டை டேங்க் மேல வைத்து ஓட்டினவன்தான். போலீஸைப் பார்த்தால் மட்டும் தலைக்கு ஏறும். ஒரு லட்சம் மைல் ஓட்டினவருக்கே போஸ்ட் ஆபீஸ் ரோட்டில் அப்படி ஆகியிருக்கு. நான் இதுவரை ஓட்டினது மொத்தமே 20,000 கிலோமீட்டர் இருக்காது.

அதனால் இன்னைக்குக் காலையில் குரூப் லிஸ்ட்டில் முதல் வரியா ஒன்று சேர்த்திருக்கேன். பத்து தலை, பத்து ஹெல்மெட், பத்து ஸ்ட்ராப். இல்லைன்னா எல்லாரும் ராமேஸ்வரத்துக்கு ட்ரெயினில் போவோம், பாம்பன் பாலத்தில் கடல் இன்னும் நல்லா தெரியும். போட்டு எட்டு மணி நேரமாச்சு. இதுவரை ப்ளூ டிக் மட்டும்தான்.

உங்க குரூப்பில் எத்தனை இருக்குன்னு இப்பவே எண்ணிப் பாருங்க.