நிலவுக்குக் கணக்குப் போட்டவர்

செல்போனில் ஒரே பூவை நாற்பது தடவை 'கிளிக்' பண்ணுகிற நாம், கையில் ஒரே ஒரு தகடு வைத்துக்கொண்டு மலை உச்சியில் நின்ற ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆன்செல் ஆடம்ஸ் 1902-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1906 பூகம்பத்தில் விழுந்து மூக்கு உடைந்தது. கடைசிவரை கோணல் மூக்குதான். பள்ளிக்கூடமும் சரிப்படவில்லை. 12 வயதில் அப்பா படிப்பை நிறுத்தி, வீட்டிலேயே பாடம் நடத்தினார். 1915-ல் ஊரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஒரு வருஷ டிக்கெட் வாங்கிக் கொடுத்து, போய்ப் பார்த்துப் படி என்று அனுப்பினார். (இப்படி ஒரு அப்பா நமக்கு வாய்க்கலையே!)

1916-ல் யோசமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது கிடைத்தது ஒரு சின்ன பாக்ஸ் கேமரா. ஊர் திரும்பியதும், போட்டோ கழுவித் தருபவரிடம் வேலைக்குச் சேர்ந்து டெவலப்பிங் கற்றார்.

பிறகு பெரிய கேமராவுக்கு மாறினார். முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடியில் தலைகீழாய்த் தெரியும் உருவம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித் தகடு. 1927 ஏப்ரலில் 12 தகடுகளோடு யோசமிட்டியில் மலையேறினார். ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றபோது மிச்சம் இரண்டே இரண்டு. மஞ்சள் பில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகுதான் உறைத்தது: வானம் வெளிறிப் போகும், மனதில் பட்ட அந்த மிரட்டல் வராது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு பில்டர், 5 செகண்ட். வானம் கறுத்து, பாறை எழுந்து நின்றது. பெயர் வாங்கித் தந்த படம் அது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படி மனசு சொல்வதை நம்பினால் போதுமா? 1940 வாக்கில் ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து 'ஜோன் சிஸ்டம்' என்ற முறையை உருவாக்கினார். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரண்டு மடங்கு. நிழலில் ஒளிபட்ட வெள்ளி உப்பு கொஞ்சம்தான். சீக்கிரம் டெவலப் ஆகி நின்றுவிடும். வெளிச்சப் பகுதியோ கரைசலில் இருக்க இருக்கக் கருத்துக்கொண்டே போகும். ஆகவே நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர், வெளிச்சத்தைப் பார்த்து டெவலப் பண்ணும் நேரம். ரோல் ஃபிலிமில் எல்லாப் படமும் ஒன்றாகத்தான் வேகணும். தனித்தனி ஃபிலிமில் ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் கொடுக்கலாம். பெரிய கேமராவைச் சுமந்ததற்கு இதுவும் ஒரு பலன்.

1941 நவம்பர் 1. நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே நிலா. காரை நிறுத்தி 8-க்கு 10 அங்குலக் கேமராவை நிறுத்தினார். லைட் மீட்டரைக் காணோம்! தேட நேரமில்லை. நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது ஞாபகம் வந்தது. அதை 7-ம் படியில் வைத்தால் நடுப்படியான 5-க்கு சுமார் 60. 64 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமுக்கு எஃப்/8-ல் 1/60 செகண்ட். பில்டருக்கு மூன்று மடங்கு, 1/20. எஃப்/32-க்கு இறக்கினால் ஏறக்குறைய 1 செகண்ட். (போட்டுப் பாருங்கள், சரியாய் வரும்.) இன்னொன்று எடுக்க ஃபிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது.

நெகட்டிவின் கீழ்ப்பாதி ரொம்ப மெலிசு. பிரிண்ட் போடுவதற்குள் உயிர் போகும். 1948-ல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து வலுவேற்றினார். எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவே இல்லை. படத்திலுள்ள நிலவின் இடத்தை வைத்து வானியலாளர்கள்தான் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

1984 ஏப்ரல் 22-ல் ஆடம்ஸ் காலமானார். அவருடைய நெகட்டிவ்கள் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.