கல்வெட்டைக் காத்த செம்பியன் மாதேவி

பௌர்ணமியன்று மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் என மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசித்து வரும் வழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். அடுத்த முறை கொடியிடை நாயகியையும் மாசிலாமணீஸ்வரரையும் வணங்கும்போது, ஒரு பெண்மணியையும் நினைத்துக் கொள்ளுங்கள். அவர்தான் சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார்!

அம்பத்தூரில் நிலத்தை விலைக்கு வாங்கி, திருமுல்லைவாயில் ஈசனுக்கு அவர் அளித்ததை உத்தம சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. இன்று தொழிற்பேட்டையும் போக்குவரத்து நெரிசலுமாக நாம் பார்க்கும் அதே அம்பத்தூர்தான்!

மழவர் குலத்தில் பிறந்த இவர், சிவபக்தரான கண்டராதித்த சோழரை மணந்தார். தில்லைக் கூத்தன் மீது திருவிசைப்பா பாடிய மன்னர் அவர். 957-ஆம் ஆண்டளவில் கணவர் சிவபதம் அடைந்தார். மகன் உத்தம சோழனோ சிறு பிள்ளை. ஆனாலும் தேவியார் துவண்டுவிடவில்லை. ஈசன் தொண்டே வாழ்க்கை என்று ஏற்றார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, விருத்தாசலம் என்று பல தலங்களில் கற்றளி எழுப்பினார். கோனேரிராஜபுரத்தில், கணவர் சிவலிங்கத்தைப் பூஜிப்பது போன்ற சிற்பத்தையும் செதுக்கச் செய்தார்.

அவருடைய பெருமைகளில் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக் கொள்ளுங்கள். திருக்கோடிக்காவில் கோயிலைக் கல்லால் புதுப்பித்தபோது, அங்கே முன்னோர் செய்த தர்மங்களைச் சொல்லும் பழைய கல்வெட்டுகள் இருந்தன. அவற்றைப் படியெடுத்து, பழைய கல்லின் நகல் என்ற குறிப்போடு புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். யாரோ ஏற்றிய விளக்கின் புண்ணியமும் அழியக்கூடாது என்பதே அவர் எண்ணம். அன்று அதற்கென்று சட்டம் ஏதும் இல்லை, பக்திதான் சட்டம்!

தொன்மைச் சின்னங்களைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் 1904-ல் வந்தது. தமிழகத்துக்கென்று தனிச்சட்டம் 1966-ல் வந்தது. பழம்பொருட்களை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947-ல்தான் பிறந்தது. அதற்குள், செம்பியன் மாதேவியாரின் உருவமாகவே கருதப்படும் செப்புத் திருமேனி கடல் கடந்துவிட்டது. வாஷிங்டன் அருங்காட்சியகம் ஒன்று 1929-ல் அதை வாங்கியது. நூறாண்டு கடந்த சிலைகளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆனால், அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த கோயில்களுக்குத்தான் சட்டத்தின் முழுக்காவல் உண்டு. உங்கள் தெருவில் இருக்கும் பழைய கோயில் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அங்கே நீங்கள்தான் காவல்! எழுத்துள்ள சுவரில் எண்ணெய்க் கையைத் துடைக்காதீர்கள், கற்பூரம் ஏற்றாதீர்கள். திருப்பணியின்போது கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டுவதைக் கண்டால், நிர்வாகத்திடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள்.

சித்திரை மாதக் கேட்டை நட்சத்திரம் செம்பியன் மாதேவியார் அவதரித்த திருநாள். அன்று அருகிலுள்ள சிவாலயத்தில் ஒரு நெய்விளக்கு ஏற்றுங்கள். அந்த வெளிச்சத்தில் சுவரில் உள்ள எழுத்துகளையும் ஒரு கணம் பாருங்கள். ஈசன் அருள் உங்கள் இல்லத்தில் நிறையட்டும்!