எக்லண்டைன் ஜெப் அம்மையார்

இவ்வம்மையார் 1876-ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசத்திற் செல்வக்குடியிற் பிறந்து, ஆக்ஸ்போர்டிற் கற்று, சிலகாலம் பள்ளியாசிரியையாய் அமர்ந்தவர். முதல் மகாயுத்தம் 1918-இல் ஓய்ந்த பின்னரும் நேச நாட்டார் கடல்வழியை அடைத்திருந்தமையால், ஜெர்மனி, ஆஸ்திரியா தேசங்களிற் குழந்தைகள் உணவின்றி வாடி மடிந்தனர். அக்கொடுமையைப் படத்துடன் அச்சிட்டு லண்டன் வீதியில் வழங்கியதற்காக, 1919-இல் இவருக்கு ஐந்து பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு நடத்திய வக்கீலே, மனம் இளகி, அத்தொகையைத் தாம் ஈந்தார்.

பகைவர் பிள்ளைகளுக்கோ சோறு எனப் பலர் இகழவும், பசிக்குப் பகையும் நட்பும் இல்லையெனத் துணிந்து, தங்கையாருடன் அவ்வாண்டே குழந்தைகள் காப்பு நிதியை நிறுவினார். இடுக்கண் வந்துழி முதலில் உதவி பெறுதல் குழந்தையின் உரிமை என்பதுட்பட இவர் வகுத்த ஐந்து விதிகளை 1924-இற் சர்வதேச சங்கம் ஏற்றது. 1928-இல் ஜினீவாவிற் காலமானார்.

அன்பர்காள்! வருவாய் சுருங்குங்கால் நாம் முதலிற் குறைப்பது பிள்ளையின் பாலையும் படிப்பையுமா? அவ்விரண்டும் இறுதிவரை காக்கத்தக்கன.